200 அடி உயரத்திலிருந்து குதித்தவன் சாக மறுக்கிறான்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கற்பனைச் சாகச விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை நடத்துபவர்களிடம் ஒரு கேள்வி. சென்ற ஞாயிறு எங்கள் ஆட்டத்தில் 12ஆம் நிலை பார்பேரியன் (முரட்டுப் போர்வீரக் கதாபாத்திரம்) ஒருவன், படியிறங்கச் சோம்பல்பட்டு 200 அடி மலைமுகட்டிலிருந்து குதித்துவிட்டான். விதிப்படி 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, ஆக 20 பகடை. எல்லாவற்றிலும் ஆறே விழுந்தாலும் சேதம் 120தான். அவனுடைய உயிர்ப்புள்ளியோ 125! தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

டிராகன் நெருப்பு உமிழ்ந்தால் ஏற்றுக்கொள்கிறாய், இதற்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறாய் என்று நண்பன் கேட்டான். நியாயம்தான். ஆனாலும் பள்ளத்தைக் கண்டு ஒருவரும் பயப்படாவிட்டால் மலைப்பாதைக் காட்சியே வீண். கால்முறிவு, சோர்வு என்று சொந்த விதி ஏதும் வைத்திருக்கிறீர்களா? பாதி ஆட்டத்தில் விதியை மாற்றினால் அந்த ஆட்டக்காரர் கோபித்துக்கொள்வார். அவரிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?