வள்ளி கும்மியை எடுக்க மேனுவல் லென்ஸ் போதுமா?

ஈரோட்டு இளையவன்:
கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது நிக்கான் டி3500. பழைய மேனுவல் ஃபோகஸ் 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் மலிவாக வருகிறது. அடுத்த வாரம் இரவில் வள்ளி கும்மி எடுக்க வேண்டும். வாங்கலாமா?

கொடுமுடிக்காரர்:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. கும்மியில் எல்லாரும் ஒரே நிறச் சேலையில் வட்டமாகச் சுற்றி வருவார்கள். ஆட்டோ ஃபோகஸ் ஒரு முகத்தை விட்டு அடுத்த முகத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் நின்று தூரத்தை முன்பே பிடித்து வையுங்கள். ஆடுபவர் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள். 28 மி.மீ. லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்8-இல் வைத்து மூன்றேகால் மீட்டருக்குத் திருப்பினால், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும்.

பொள்ளாச்சி மேற்கு:
அண்ணா, அது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவின் கணக்கு. டி3500-இன் சென்சார் சிறியது; அதில் ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குத் திருப்ப வேண்டும். அதுவும் பகலில்தான். இரவில் எஃப்8 வைத்தால் படம் இருட்டாகும், இல்லையென்றால் பொரிப்பொரியாக இருக்கும். துளையை அகலத் திறந்து எஃப்1.8-க்கு வந்தால் அந்த 50 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தூரத்தில் தெளிவாக இருப்பது கால் மீட்டர் ஆழம்தான். கும்மி அடிப்பவர் ஓர் எட்டு முன்வைத்தால் போயிற்று. கல்யாணத்திலும் அப்படித்தான். இணைச்சீர்ச் சடங்கை இன்னொரு முறை செய்து காட்டச் சொல்ல முடியுமா?

கொடுமுடிக்காரர்:
ஃபோகஸ் சரியானதும் வ்யூஃபைண்டரின் கீழே பச்சைப் புள்ளி எரிகிறதே, அது எதற்காம்? மேனுவல் லென்ஸிலும் அது வேலை செய்யும்.

பொள்ளாச்சி மேற்கு:
செய்யும். நிற்கிற ஆளுக்கு உதவும். புள்ளியையும் பார்த்து ஆடுபவரையும் பார்ப்பதற்குள் அவர் கடந்துவிடுவார். பழைய பிலிம் கேமராவில் ஃபோகஸ் பிசகினால் பிம்பம் இரண்டாகப் பிளந்து தெரியும் கண்ணாடி இருந்தது, இதில் கிடையாது. கேமராவோடு பேசும் சிப் இல்லாத பழைய லென்ஸ் என்றால் டி3500 ஒளியையும் அளக்காது.

வெள்ளோட்டு நாரை:
ஏரியில் பறக்கும் பறவைக்கு ஆட்டோ ஃபோகஸை விட்டால் வேறு வழியில்லை. கிளைக்குள் பதுங்கியதற்கு நான் கையால்தான் திருப்புகிறேன். இல்லாவிட்டால் லென்ஸ் முன்னால் இருக்கும் இலையைப் பிடித்துக்கொள்கிறது.

பொள்ளாச்சி மேற்கு:
இளையவன், பழையதே வாங்குவதானாலும் ‘ஏஎஃப்-எஸ்’ என்று பொறித்ததாகப் பாருங்கள். ‘ஏஎஃப்-டி’ லென்ஸில் ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் இல்லை, உங்கள் கேமராவிலும் இல்லை.

கொடுமுடிக்காரர்:
ஏஎஃப்-டி-யில் சிப் இருக்கிறது, ஒளி அளவீடு நடக்கும். பணம் குறைவென்றால் அதை வாங்கிக் கையால் திருப்பட்டும்!

பொள்ளாச்சி மேற்கு:
அதன் வளையத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா அண்ணா? விரல் பட்டாலே நழுவும். கையால்தான் திருப்புவதென்றால் நீங்கள் முதலில் சொன்ன மேனுவல் லென்ஸே மேல். அதன் வளையம் நின்று, நிதானமாகத் திரும்பும். கும்மிக்கு மட்டும் அது வேண்டாம்.