மிக்கியை முத்தமிடும் நடிகை யார்?

கேள்வி (திருமங்கலம்): தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த 16 மி.மீ. படச்சுருளை மதுரை நண்பரின் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு நடிகை மிக்கி மவுஸுக்கு முத்தமழை பொழிகிறார். தலைப்புப் பகுதி அறுந்துவிட்டதால் பெயர் தெரியவில்லை. சுருளில் புளித்த வாடையும் வீசுகிறது.

பதில் 1: அது 1933இல் வெளியான டிஸ்னியின் ‘மிக்கீஸ் காலா பிரீமியர்’, நடிகை ஹாலிவுட் நட்சத்திரம் கிரேட்டா கார்போவின் கேலிச்சித்திரம். கடைசியில் எல்லாமே மிக்கியின் கனவென்றும், முகத்தை நக்கியது புளூட்டோ நாயென்றும் தெரியவரும்.

பதில் 2: அதே கார்போவை 1941இல் ‘ஹாலிவுட் ஸ்டெப்ஸ் அவுட்’ படத்தில் சிகரெட் விற்பவராகக் காட்டிய கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரி, அவருடைய பெரிய காலணியிலேயே தீக்குச்சியை உரசவைத்தார். டிஸ்னியின் கேலியில் மரியாதை மிச்சமிருந்தது. ஏவரியின் கேலி சற்றுக் குரூரம்தான்.

பதில் 3: புளித்த வாடை, படச்சுருளின் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் சிதைவதன் அறிகுறி, ஐயா. மதுரை வெயிலில் தகர டப்பாவில் இறுக்கி மூடாமல், மற்ற சுருள்களிலிருந்து பிரித்துக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், சீக்கிரம் டிஜிட்டலாக்கிவிடுங்கள்.