அரசு வேலைகளை மக்களே கண்காணித்தால் ஏதாவது மாறுமா?

கேள்வி: பொதுப்பணத்தில் நடக்கும் வேலைகளை நாமே கண்காணித்தால் உண்மையில் பலன் உண்டா, இல்லை மனு எழுதிக் களைத்துப்போவதுதான் மிச்சமா?

பதில் 1: மனுவை விடுங்கள், முதலில் கணக்கைக் கையில் வாங்குங்கள். ராஜஸ்தானில் 1994-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு தொடங்கிய பொது விசாரணைகளில் கூலிப் பதிவேட்டை ஊர் முன்னால் உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று எல்லாம் அங்கேயே அம்பலமானது, ஏனென்றால் விவரம் தெரிந்தவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

பதில் 2: சரி, ஆனால் "ஏன் ரோடு சரியில்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: செலவு மதிப்பீடு, அளவுப் புத்தகம் (முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு), பில் நகல். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருள் மாதிரி வாங்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடமுண்டு, இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

கேட்டவர்: தனி ஆளாகச் செய்யலாமா?

பதில் 1: சட்டப்படி செய்யலாம். ஆனால் தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால் நாலைந்து பேராகச் சேர்ந்து ஆளுக்கொரு விண்ணப்பம் போடுங்கள், கிடைத்ததை உடனே எல்லோருக்கும் பகிர்ந்துவிடுங்கள்.