களிமண் தரையில கோச் மாறினா ஆட்டமும் மாறுமா?

கேள்வி: போலந்து டென்னிஸ் வீராங்கனை ஷ்வியான்டெக் 2022, 2023, 2024னு வரிசையா, களிமண் தரையில நடக்கற பிரெஞ்சு ஓப்பன் ஜெயிச்சப்போ கோச் விக்டோரோவ்ஸ்கி. 2024 அக்டோபர்ல அவருக்குப் பதிலா ஃபிஸெட் வந்தார். 2025 பிரெஞ்சு ஓப்பன்ல செமியிலயே சபலென்கா கிட்ட தோல்வி, கடைசி செட் 6-0! கோச் மாத்தினதுதான் காரணமா?

பதில் 1: அதே ஃபிஸெட்டோட அடுத்த மாசமே புல்தரையில விம்பிள்டன் ஃபைனலை 6-0, 6-0ன்னு முடிச்சாங்களே, அதை யார் கணக்குல எழுதறது?

பதில் 2: நான் சாதாரண கிளப் ஆட்டக்காரன்தான். களிமண்ல எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதல் ரெண்டு வாரம் பந்தையே கண்ல காட்டல. வெறும் சறுக்கல். அப்புறம் பந்து கைக்கு வந்ததும் நான் அடிச்சு முடிச்சுட்டு சறுக்குவேன்; "சறுக்கிட்டே வந்து அடி, இல்லேன்னா அடுத்த பந்துக்குத் திரும்ப நேரமிருக்காது"ம்பார். சாக்ஸ் முழுக்க செங்கல் பொடி. மண்டைக்குப் புரிஞ்சது ஒரே நாள்ல, காலுக்குப் புரிய மூணு மாசம் ஆச்சு. டாப்ஸ்பின் (முன்பக்கமா சுழல்ற) பந்து தோளுக்கு மேல எகிறும்போது பின்னால போறதா, ஏறும்போதே அடிக்கறதான்னு வேற தனிப் பஞ்சாயத்து. டாப் பிளேயருக்கும் இந்தப் பழக்கத்தையெல்லாம் ஒரே சீசன்ல மாத்த முடியாதுங்க.

கேள்வி கேட்டவர்: அப்போ 2026 வரைக்கும் ஃபிஸெட்டைத் திட்டாம இருந்திருக்கணும்ங்கறீங்க. சரி, கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.