ஜான் லெ மெஷரர்: 'டேட்ஸ் ஆர்மி' முடித்தபின் எதைப் பார்ப்பது?

திரைப்பித்தன்:
இரண்டாம் உலகப் போர்க்கால உள்ளூர்க் காவல் படையைப் பற்றிய பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் 'டேட்ஸ் ஆர்மி' 9 சீசனும் பார்த்து முடித்தாயிற்று. சார்ஜென்ட் வில்சனாக வரும் ஜான் லெ மெசூரியரின் மற்ற படங்களை எங்கிருந்து தொடங்கலாம்? அவர் நடித்த படங்களின் பட்டியலில் 'பென்-ஹர்' இருந்தது. உட்கார்ந்து தேடியும் ஆள் கண்ணில் படவில்லை.

பழைய_ரீல்:
எழுத்து பிரெஞ்சு மாதிரி இருந்தாலும் உச்சரிப்பு 'மெஷரர்'. அப்பா வழியில் ஹாலிலி. அம்மாவின் குடும்பப் பெயரைத்தான் மேடைக்கு வைத்துக்கொண்டார்.

'பென்-ஹர்' (1959) வேண்டாம். மருத்துவராகச் சில நொடிகள்தான், டைட்டிலில் பெயரே கிடையாது. நூற்றுக்கு மேல் படம் நடித்தவர், ஆனால் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு காட்சிதான். நீதிபதி, டாக்டர், அதிகாரி, தலைமை வெய்ட்டர் இப்படி. அதனால் படத்தின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே. 'ஐ'ம் ஆல் ரைட் ஜாக்' (1959) எடுங்கள். தொழிற்சாலையில் யார் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார் என்று அளக்க வரும் ஆள் இவர். புதிதாகச் சேர்ந்த அப்பாவியிடம் நைசாகப் பேசி, வேலையைச் செய்து காட்டச் சொல்லி அளந்துவிடுவார். அதிலிருந்துதான் வேலைநிறுத்தமே வெடிக்கும். அடுத்து 'தி பஞ்ச் அண்ட் ஜூடி மேன்' (1963). 'தி இத்தாலியன் ஜாப்' (1969) சிறை அதிகாரி வேடத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நாடகக்கொட்டகை:
அதற்கு முன் வில்சனையே மறுபடி பாருங்கள். ஒரே காட்சியை இரண்டு தடவை ஓட்டி, முதலில் வில்சனின் மேலதிகாரி கேப்டன் மெயின்வாரிங்கை, பிறகு வில்சனை மட்டும். சட்டைக் கையின் நுனி கொஞ்சம் மடிந்திருக்கும், பொத்தான் ஒன்று திறந்திருக்கும். அணிவகுக்கச் சொல்வதே விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும். வில்சனைப் போல நடித்துக் காட்டுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், தூங்குமூஞ்சியாக்கிவிடுவார்கள். வில்சன் தூங்கவில்லை, குத்துகிறார். "அது உசிதமா சார்?" என்ற தொனியில் அவர் கேட்கும்போதெல்லாம் மேல்தட்டுக்காரன் தன்னை எடை போடுகிறான் என்று மெயின்வாரிங்குக்கு உறைக்கிறது. வங்கியிலும் படையிலும் மேலே இருப்பவர் மெயின்வாரிங், பிறப்பில் மேலே இருப்பவர் வில்சன். நகைச்சுவை முழுக்க அந்த இடைவெளியில்தான். 'தி ஹானரபிள் மேன்' எபிசோடில் இது அப்பட்டமாகத் தெரியும்.

நிஜப் போரில் பதவி தலைகீழ்: லெ மெஷரர் டாங்கிப் படையில் கேப்டன், இந்தியாவுக்கும் அனுப்பப்பட்டவர். மெயின்வாரிங்காக நடித்த ஆர்தர் லோ சார்ஜென்ட் மேஜர்.

திரைப்பித்தன்:
கண்ணைத் திறந்துவிட்டீர்கள், நன்றி. நகைச்சுவை அல்லாத வேடம் ஏதாவது?

வானொலிப்பெட்டி:
'ட்ரெய்ட்டர்' (1971), டென்னிஸ் பாட்டர் எழுதிய பிபிசி நாடகம். மாஸ்கோவில் குடியேறிவிட்ட பிரிட்டிஷ் உளவாளி. பிரிட்டனின் திரை, டிவி விருதான பாஃப்டா கிடைத்தது இதற்குத்தான். வில்சன் நினைப்போடு உட்காராதீர்கள், அந்த மென்மையான குரல் இங்கே போதையில் உடைந்து நொறுங்கும்.

இன்னொன்று. 9 சீசனும் 'முடித்திருக்க' முடியாது. 80 எபிசோடில் இரண்டாம் சீசனின் 3 எபிசோடுகள் படமாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி டேப்பை அழித்துவிட்டார்கள். 1974 முதல் 76 வரை வானொலிக்காக 67 எபிசோடுகள் எடுத்தார்கள், அந்த மூன்று கதையும் அதில் இருக்கின்றன, வில்சனும் அவரே. கேட்டுவிட்டு அப்படியே 1981 பிபிசி வானொலியின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பக்கம் போங்கள். அதில் வரும் வயதான ஹாபிட் பில்போ இவர்தான்.