வீட்டுக் கிராண்ட் அப்பா பேரில்: உயில் பேச்சை எடுக்கலாமா?

செந்தூல்_மகள்

எங்கள் அப்பாவுக்கு 74 வயது. நெஞ்சுவலி இரண்டாவது முறையாக வந்து, இப்போதுதான் வார்டிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) அவர் பேரில் மட்டும் இருக்கிறது. அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், 95 வயதில் கிள்ளானில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார்.

உயில் எழுதி வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அண்ணன் கொதித்துவிட்டார். "அப்பா எப்போ போவார்னு கணக்குப் போடுறியா?" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா தெளிவாகப் பேசும்போதே பேசிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு மாதிரி நினைப்பவர்களும் சொல்லுங்கள்.

பழைய_கிள்ளான்_சாலை

மகளே, உன் அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர் முன்னால் முதலில் கஞ்சியை வைக்க வேண்டும், காகிதத்தை அல்ல. எனக்கு 70 ஆகிறது. என் பிள்ளை இப்படிக் கேட்டால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வராது.

இன்னொன்றும் சொல்கிறேன். உயில் இல்லாவிட்டால் சொத்து காற்றில் போய்விடாது. சட்டமே பிரித்துக் கொடுக்கும். நிலம், வீடு உள்ள சின்னச் சொத்துகளை நில அலுவலகத்துப் பிரிவே விசாரித்து முடித்துவிடும். முன்பு 20 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை என்று இருந்தது, 2024-இல் 50 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். லாயர் இல்லாமலே, குறைந்த செலவில் முடியும். அண்ணன் தங்கைகளுக்குள் ஒற்றுமை இருந்தால் உயில் தேவையில்லை. ஒற்றுமை இல்லாவிட்டால் உயிலும் காப்பாற்றாது. அப்பா கண் மூடிய பிறகு உயிலைப் பிரித்துப் படித்து, அன்றோடு பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கின்றன.

லாயர்_ஆபீஸ்_கிளார்க்

ஐயா, நீங்கள் சொன்ன 50 லட்சம் சரிதான். ஆனால் "சட்டம் பிரித்துக் கொடுக்கும்" என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். எப்படிப் பிரிக்கும் என்று இந்தக் குடும்பத்தையே வைத்துப் பார்ப்போம்.

முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம்தான். மனைவி, பிள்ளைகள், பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. அதாவது செந்தூல் அம்மாவுக்கு, தான் குடும்பம் நடத்திய வீட்டில் கால் பங்குதான் சொந்தம். அண்ணன் தங்கைகளுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. பாட்டிக்குக் கால். அப்புறம் பாட்டியும் உயில் எழுதாமல் போய்விட்டால்? அந்தக் கால் பங்கு பாட்டியின் பிள்ளைகளுக்குள் பிரியும். சித்தப்பா, அத்தை எல்லாரும் அந்த வீட்டில் பங்காளி ஆவார்கள். பாட்டி இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அம்மாவுக்கு மூன்றில் ஒன்றுதான், மீதி பிள்ளைகளுக்கு.

அம்மா கடைசி வரை அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சட்டத்துக்கு அது தெரியாது. உயிலில் எழுதினால் மட்டுமே தெரியும்.

நில அலுவலக விசாரணைக்கும் வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், அல்லது சம்மதத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்து, ஒருவர் கோபத்தில் போனை எடுக்காமல் இருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். இது என் மேசையில் நான் பார்ப்பது.

ஆயர்_ஈத்தாம்_மகன்

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். உயிலும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பேருக்கு மாற்றிவிடலாமே? 2023 ஏப்ரலிலிருந்து பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் வீட்டுக்கு முதல் பத்து லட்சம் வெள்ளி வரை முத்திரைத் தீர்வை கிடையாது. அதற்கு மேல் உள்ளதற்கும் பாதிதான். என் தம்பி பேருக்கு அப்படித்தான் மாற்றினோம், சுலபமாக முடிந்தது.

பழைய_கிள்ளான்_சாலை

இதை மட்டும் செய்யாதீர்கள். உயில் எழுதினால் அப்பா கடைசி மூச்சு வரை வீட்டுக்காரர். நாளைக்கு மனம் மாறினால் உயிலையும் மாற்றலாம். கிராண்டை மாற்றிக் கொடுத்தால் அன்றே அவர் தன் வீட்டில் விருந்தாளி. என் நண்பர் ஒருவர் அப்படிக் கொடுத்தார். மகன் நல்லவன்தான். தொழிலில் விழுந்து வீட்டைப் பேங்கில் வைத்தான். இப்போது அந்த மனிதர் மகள் வீட்டில், பேரப்பிள்ளையின் அறையில் படுக்கிறார். இந்த விஷயத்தில் நான் செந்தூல் மகள் பக்கம்.

லாயர்_ஆபீஸ்_கிளார்க்

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வரிக்குப் பயந்து அவசரப்படவும் காரணமில்லை. இறந்தவர் சொத்து மீதான வரியை இந்த நாட்டில் 1991 நவம்பர் 1 முதல் எடுத்துவிட்டார்கள்.

உயில் எழுதுவதும் பெரிய காரியம் அல்ல. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருக்கும்போது கையெழுத்துப் போட வேண்டும். பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் அந்தப் பங்கு போய்விடும். வீட்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது நம் வீடுகளில் வழக்கம், அதனால்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வாரிசு நியமனம் அப்படி ரத்தாகாது. அதற்கு உயிலோடு சம்பந்தமே கிடையாது, தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

பத்து_கேவ்ஸ்_வாசி

யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். என் சித்திக்கு 1990-களில் கோயிலில் கல்யாணம். தாலி கட்டினார்கள், ஊரே சாப்பிட்டது, பதிவு மட்டும் செய்யவில்லை. 1982 மார்ச் 1-க்குப் பிறகு பதிவு செய்யாத கல்யாணம் சட்டத்தில் கல்யாணமே இல்லை. சித்தப்பா உயில் எழுதாமல் இறந்தபோது சித்தி மனைவி ஆகவில்லை, பிள்ளைகளும் வாரிசு ஆகவில்லை. வீடு சித்தப்பாவின் பெற்றோருக்குப் போனது. ஈபிஎஃப்பில் சித்தியின் பெயரைப் போட்டிருந்தார், அது ஒன்றுதான் கைக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த பெண். இரண்டு பக்கத்தில் ஒரு உயில் இருந்திருந்தால் அந்த வீட்டை விட்டு அவர் இறங்கியிருக்க மாட்டார். ஒற்றுமை இருந்தால் போதும் என்று தயவு செய்து யாரும் சொல்லாதீர்கள். சித்தப்பா வீட்டில் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

ஜெலுத்தோங்_தாதி

வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன்னால் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. மூச்சுத் திணறும்போது குழாய் போடலாமா, இயந்திரத்தில் வைக்கலாமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தலாமா என்று டாக்டர் கேட்பார், பெரும்பாலும் நடு இரவில். பெரிய மகன் "எல்லாம் செய்யுங்க" என்பார். மகள் "அம்மா எங்கிட்ட வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்பார். இரண்டு பேரும் பாசத்தில்தான் பேசுகிறார்கள். வார்டு வாசலில் அவர்கள் சண்டை போடுவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை.

இதற்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் நோயாளியே தெளிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, டாக்டரிடமும் குடும்பத்திடமும் சொல்லி வைத்திருந்தால் டாக்டர்கள் அதை மதிப்பார்கள். உறுப்பு தானம் என்று பதிந்து வைத்தாலும் கடைசியில் குடும்பத்தைக் கேட்பார்கள். தெரியாத குடும்பம் பயத்தில் வேண்டாம் என்றுவிடும்.

வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்கிற நோயாளிகளுக்கும் வழி உண்டு. கோலாலம்பூர் பக்கம் ஹாஸ்பிஸ் மலேசியா 1991-லிருந்து வீட்டுக்கே வந்து வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்கிறது, கட்டணம் வாங்குவதில்லை. பினாங்கிலும் வீட்டுக்கு வரும் ஹாஸ்பிஸ் சேவை இருக்கிறது. கடைசி வாரத்தில் கூப்பிடாமல் முன்பே பேசுங்கள்.

செந்தூல்_மகள்

தாதி அக்கா சொன்னது என்னை உலுக்கிவிட்டது. அப்பா ஒரு முறை, தனக்குக் கொள்ளி வைப்பதில் நானும் நிற்க வேண்டும் என்று சொன்னார். அண்ணனுக்கு அது தெரியாது. சித்தப்பா கட்டாயம் தடுப்பார். இதையும் உயிலில் எழுதலாமா?

பழைய_கிள்ளான்_சாலை

எழுதி என்ன பயன்? உயிலைக் கையில் எடுப்பது கருமாதி முடிந்து. அதற்குள் செராஸ் மின்சுடலையில் எல்லாம் முடிந்து, அஸ்தியைக் கிள்ளான் கடலில் கரைத்தும் இருப்பீர்கள். நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான். காகிதம் பேசாது, மனிதர்தான் பேச வேண்டும். அப்பா தன் வாயால் உன் அண்ணனிடமும் சித்தப்பாவிடமும் சொல்லட்டும். அவர் சொல்லிவிட்டால் சுடலையில் யாரும் உன்னைத் தடுக்க மாட்டார்கள்.

லாயர்_ஆபீஸ்_கிளார்க்

அதில் முழு உடன்பாடு. ஆனால் உடம்பு தேறட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். ஞாபக மறதி வந்த பிறகு எழுதும் உயிலை யாரும் கோர்ட்டில் கேள்வி கேட்கலாம். மகளுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறேன், போதும் என்பார்கள் சிலர். கொடுத்தவர் சுயநினைவு இழந்தால் அந்தப் பத்திரம் செல்லாது. இந்த வயதில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்பதால், எழுதும் நாளில் மனம் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் கடிதம் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது.

பழைய_கிள்ளான்_சாலை

சரி, ஒரு கேள்வி மட்டும். அம்மாவுக்கு முழு வீடு என்று எழுதினால் பாட்டியின் கால் பங்கு போகிறது. 95 வயதுத் தாய்க்கு ஒன்றும் இல்லை என்று ஒரு மகனை எழுதச் சொல்வது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா? எனக்குப் படவில்லை.

செந்தூல்_மகள்

ஐயா, எனக்கும் படவில்லை. அதனால் அம்மாவிடம் இதையே முதலில் கேட்டேன். பாட்டிக்கு அப்பா மாதா மாதம் 300 வெள்ளி அனுப்புகிறார். பாட்டி இருக்கும் வரை அது நிற்காமல் போக அப்பாவின் சேமிப்பிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி எழுதச் சொல்லலாம், வீடு மட்டும் தன் பேரில் இருக்கட்டும் என்றார் அம்மா. இதை அண்ணனிடம் நான் சொல்லப் போவதில்லை, அம்மாவே சொல்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார். சித்தப்பாவையும் கூப்பிட்டிருக்கிறோம். லாயரை அன்று கூப்பிடவில்லை.