அலையில் எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை: டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டா?

பழையாறு பைபர்:
கொள்ளிடம் முகத்துவாரத்தில் அலை பின்பக்கத்தைத் தூக்கினால் அவுட்போர்டு எஞ்சின் ஆர்பிஎம் எகிறுகிறது, படகு போகவில்லை. காரில் சக்கரம் வழுக்கினால் பவர் தானாகக் குறைகிறதே, படகுக்கு அப்படி ஏதும் உண்டா அண்ணே?

நாகை மெக்கானிக்:
தம்பி, காரில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சென்சார் இருப்பதால் எது வழுக்குகிறது என்று ஒப்பிட முடியும், ஆனால் புரொப்பெல்லர் தண்ணீரில் எப்போதுமே கொஞ்சம் வழுக்கித்தான் ஓடும், 10 முதல் 20 சதவீதம் சாதாரணம். உங்களுக்கு நடப்பது புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை இழுப்பது. எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் எஞ்சினைக் காப்பாற்றும், பிடிமானம் தராது. முதலில் உயரத்தைப் பாருங்கள்: புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒட்டி இருக்க வேண்டும். ரொம்ப மேலே இருந்தால் இறக்குங்கள், டிரிம்மையும், அதாவது எஞ்சின் சாயும் கோணத்தையும், படகுப் பக்கமாக உள்ளே கொண்டு வாருங்கள். அலை தூக்கும்போது கை திராட்டிலைக் குறைக்கட்டும், இப்போதைக்கு அதுதான் கண்ட்ரோல்.

முத்துப்பேட்டை அலையாத்தி:
அமைதியான தண்ணீரிலும் இப்படி இரைகிறதா? அப்படியானால் புரொப்பெல்லர் நடுவில் உள்ள ரப்பர் புஷ் கழன்றிருக்கலாம். புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள், கோடு விலகினால் புஷ் போச்சு. அந்தப் புஷ்ஷோடு கடலுக்குள் போகாதீர்கள்.

பழையாறு பைபர்:
அலையில் மட்டும்தான் அண்ணே. தட்டு நாலு விரல் மேலே நிற்கிறது. நாலு இதழ் புரொப்பெல்லர் வாங்கலாமா?

நாகை மெக்கானிக்:
பிடிமானம் கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையலாம். முதலில் எஞ்சினை இறக்குங்கள், அதற்குச் செலவில்லை.